இலங்கையின் காலி துறைமுகத்தில் 'நான்தான் ஏஜென்ட்' என்று வருபவரிடம் கவனம்

நீரோடி, வள்ளவிளை, பொழியூர் பக்கமிருந்து கொச்சிக்குப் போய், வெளிநாட்டாரின் பாய்மரப் படகுகளில் வேலைக்கு ஏறும் தம்பிகள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

கொச்சியில் கிளம்பி, குமரிமுனை சுற்றி, மன்னார் வளைகுடாக் காற்றில் அடிபட்டு இலங்கையின் காலிக்குப் போய்ச் சேர்ந்தோம். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு, உள்ளே வர அனுமதி கேட்கும் மஞ்சள் கொடி ஏற்றி, வயர்லெஸ்ஸில் சானல் 16-இல் கூப்பிட்டோம். கடற்படை வந்து சோதித்த பிறகுதான் உள்ளே விடுவார்கள், காத்திருங்கள் என்றார்கள். அதற்குள் ஒரு ஃபைபர் வள்ளம் வந்து ஒட்டியது. கழுத்தில் அட்டை, வாயில் நல்ல தமிழ். "அண்ணே, நான்தான் உங்க ஏஜென்ட்."

காலியில் பாய்மரப் படகுக்கு, தாள் வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் இல்லாமல் கிளியரன்ஸ், அதாவது துறைமுகத்துக்கு வந்து போக அதிகாரிகள் தரும் அனுமதி, நடக்காது. அதனால் படகுச் சொந்தக்காரர் முன்பணமாக டாலரும், கொச்சியில் வாங்கிய கிளியரன்ஸ் தாளின் அசலும் கொடுத்துவிட்டார். டீசலும் அந்த ஆளே கேனில் கொண்டுவந்து தந்தார்.

உண்மையான ஏஜென்ட் அப்புறம்தான் வந்தார். முந்தைய துறைமுகத்தின் தாள் இல்லாமல் அதிகாரிகள் எதையும் தொடவில்லை, எங்களைக் கரையில் கால் வைக்கவும் விடவில்லை. மறுநாள் முதலில் வந்த அந்தப் போலி ஆள் திரும்ப வந்து, தாள் 'கிடைத்துவிட்டது' என்று சொல்லி இன்னும் பணம் கேட்டார். கொடுத்துத்தான் வாங்கினோம். முன்பணம் போனது போனதுதான். கடலில் பிழைக்கிறவனைக் கடற்கரையிலேயே, அதுவும் தமிழ் பேசி, இப்படி ஏமாற்றுவது எனக்கு இன்னும் ஆறவில்லை.

டீசல் கதை இதைவிட மோசம். கேனின் மேலே டீசல், அடியில் தண்ணீர். எஞ்சின் நின்ற பிறகு ஃபில்டர் கிண்ணத்தைத் திறந்தபோதுதான் தெரிந்தது. பாய் சுருட்டிய நேரத்தில் துறைமுக வாயிலில் எஞ்சின் நின்றால் படகு நேரே பாறைக்குத்தான் போகும். எந்த ஊரில் வாங்கினாலும் கேனைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்து, அடிவரை குழாய் விட்டு, கண்ணாடி பாட்டிலில் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகத் தெரியும்.

பாஸ்போர்ட்டை அதிகாரிகள் முன்னால் மட்டும் கொடுங்கள். அது தொலைந்தால் நம் ஹைகமிஷன் இருக்கும் கொழும்புக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும், கரையிறங்கவே அனுமதி இல்லாத நிலையில். கொச்சியில் சம்பளம் பேசும்போதே ஏஜென்டின் பெயர், போட்டோ, போன் நம்பர் மூன்றையும் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.