குவாரிப் பள்ளத்தை மூடும் முன் எல்லை அளந்து தந்த தனியார் நில அளவைக் குழு: ஒரு மதிப்பீடு

பண்ருட்டிப் பக்கம் குத்தகைக் காலம் முடிந்து கைவிடப்பட்ட செம்மண் குவாரிப் பள்ளம் ஒன்றை மூடி மீண்டும் முந்திரி வைக்கலாம் என்று கூட்டுப் பட்டாதாரர்களாகிய நாங்கள் முடிவு செய்தபோது, முதல் டிப்பர் வருவதற்கு முன்பே எல்லைத் தகராறு வந்துவிட்டது. அதற்காகக் கடலூரிலிருந்து வரவழைத்த தனியார் நில அளவைக் குழுவின் வேலை எப்படி இருந்தது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

பக்கத்துப் பட்டா நிலத்தின் எல்லையிலிருந்து 7.5 மீட்டர் அகலத்துக்கு மண்ணைத் தொடாமல் விட வேண்டும் என்பது குவாரி அனுமதிகளில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனை. எங்கள் பள்ளத்தில் அந்தப் பட்டையையும் குத்தகைதாரர் வெட்டி எடுத்திருந்தார். எஞ்சியதை ஐப்பசி, கார்த்திகை மழை சரித்துவிட்டது. எல்லையைக் காட்டும் அளவுக்கற்கள் சிலவும் அதோடு உள்ளே போயின. பள்ளத்தின் விளிம்புதான் எல்லை என்று நாங்களும், பழைய வரப்பு இருந்த இடமே எல்லை என்று கிழக்குப் பக்கத்தாரும் சொன்னோம். பள்ளமாகக் கிடந்தவரை யாரும் கேட்காத துண்டு, மண் கொட்டப்போகிறார்கள் என்றதும் சென்ட் கணக்கில் விலை பெற்றுவிடுகிறது.

குழுவினர் வந்தவுடன் கருவியை விரிக்கவில்லை. எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடமான எங்களுடைய புலப்படத்தோடு, சுற்றியுள்ள புல எண்களின் படங்களையும், நிலத்தின் பரப்பையும் உரிமையாளரையும் குறிக்கும் கிராமக் கணக்கான அ பதிவேட்டையும் முன்பே எடுத்து வைத்திருந்தார்கள். இது எனக்குப் பிடித்தது. பனையடியில் புதருக்குள் மறைந்திருந்த ஒரு கல்லையும், வடக்கு வரப்பில் பாதி புதைந்திருந்த இன்னொன்றையும் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்த பிறகே, தூரத்தையும் கோணத்தையும் ஒருசேர அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை நிறுத்தினார்கள். பக்கத்து நிலத்துப் பெரியவர் கோபமாக இருந்தார். அளந்துகொண்டிருந்த இளைஞர், “விளிம்பு உள்பக்கமா சரிஞ்சிருக்கா, வெளிப்பக்கமான்னு கண்ணால சொல்ல முடியாதுங்க ஐயா. நீங்களே நாடாவோட ஒரு முனையப் புடிங்க” என்று அவர் கையிலேயே கொடுத்தார். படத்தில் அளவுகளுக்கு அடிப்படையாக இருக்கும் நேர்கோடான ஜி கோட்டையும் அதிலிருந்து பிரியும் செங்குத்து அளவுகளையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து, சவுக்குக் குச்சி நட்டுச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். கோடு இரு தரப்பாரும் சொன்ன இடங்களுக்கு நடுவில் விழுந்தது. விளிம்பு எங்கள் எல்லையைத் தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் போயிருந்ததால் நாங்கள்தான் சற்றுப் பின்வாங்க நேர்ந்தது. காசு கொடுத்தவர் பக்கம் கோட்டைச் சாய்க்காத குழு என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எல்லையோடு நில்லாமல் பள்ளத்தின் ஆழங்களையும் எடுத்து, நிரப்ப வேண்டிய மண்ணின் அளவைக் கணக்கிட்டுத் தந்தது, பங்காளிகளுக்குள் இருந்த பேச்சையே மாற்றியது. ஒரு ஏக்கர் பரப்பை 4 மீட்டர் உயர்த்த ஏறத்தாழ 16,000 கன மீட்டர் மண் வேண்டும். 100 கன அடியை ஒரு யூனிட்டாகக் கொண்டால் 5,700 யூனிட்டுக்கு மேல், மூன்று யூனிட் டிப்பரில் சுமார் 1,900 நடை. நெய்வேலி போன்ற பெரிய சுரங்கங்களுக்கு மூடல் திட்டமும் அதற்கென ஒதுக்கும் பணமும் நிலக்கரி அமைச்சகத்தின் நெறிமுறைகளில் உண்டு. எங்களுடையது போன்ற சிறு பள்ளத்தில் குத்தகைதாரர் போன பிறகு செலவு பட்டாதாரர் தலையில்தான் விழுகிறது. ஆகவே முழுவதும் மூடுவதா, ஒரு மூலையை நீர்க்குட்டையாக விடுவதா என்பதை இந்தக் கணக்கை முன்னே வைத்துத்தான் பேச முடிந்தது. பள்ளத்துத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்துக் கடலைக்குப் பாய்ச்சிவந்த அயல் விவசாயியின் எதிர்ப்பும் அந்த மூலையை விட்டதால் தணிந்தது. அதில் குழுவுக்குப் பங்கில்லை.

குறைகளும் உண்டு. தனியார் போடும் கோட்டுக்குச் சட்ட வலு இல்லை, அரசு சர்வேயர் வந்து கல் நட்டால்தான் அது நில அளவைப் பதிவுக்குள் வரும் என்பதை அவர்கள் பணம் வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததால், பெரியவர் கையெழுத்திடத் தயங்கினார். தமிழில் மாற்றி வாங்க ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. கோட்டை ஏற்கிறோம் என்ற சம்மதக் கடிதத்தில் அயலார் கையெழுத்து வாங்கும் பொறுப்பை அவர்கள் ஏற்பதில்லை. அழைப்பதாக இருந்தால் மழைக்கு முன்பாக, பங்குனி, சித்திரையில் அழையுங்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் ஆழக் கணக்குக்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.