மிச்சம் ஒன்றரை லட்சம்: ஃபால்ஸ் சீலிங்கா, மொட்டை மாடி டைல்ஸா?

வீடு கட்டும்போது ஒப்பந்தத்தில் எழுதியது ஒரு கணக்கு, மேஸ்திரி "இதெல்லாம் எக்ஸ்ட்ரா சார்" என்று துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவது இன்னொரு கணக்கு. திருச்சியில் ஆயிரம் சதுர அடியில் நாங்கள் கட்டியபோது செங்கல் கட்டு முடிந்து ரூஃப் போட்டு, பூச்சு தொடங்கும் முன் கையில் மிச்சமிருந்தது ஒன்றரை லட்சம், ஆனால் ஆசைப் பட்டியலோ நாலு லட்சத்துக்கு நீண்டிருந்தது. எதை எடுத்தோம், எதை விட்டோம், எதில் கோட்டை விட்டோம் என்று எழுதுகிறேன், இப்போது கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவலாம்.

பெரிய சண்டை ஃபால்ஸ் சீலிங்குக்கும் (தளத்துக்குக் கீழே பலகையால் அடிக்கும் இன்னொரு கூரை) மொட்டை மாடி டைல்ஸுக்கும்தான். சீலிங் என்றால் ஹாலுக்கும் இரண்டு பெட்ரூமுக்கும் சேர்த்து சுமார் 500 சதுர அடி, சதுர அடிக்கு 90 ரூபாய் என்றார்கள், 45,000 ஆகிறது. மாடி முழுக்க வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்கக் கூலியோடு சதுர அடிக்கு 110, அதாவது ஒரு லட்சத்துப் பத்தாயிரம். இது எங்கள் பக்கத்தில் அப்போது சொன்ன விலை, உங்கள் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள். சீலிங்குக்குப் பாதிக்கும் குறைவான செலவு, கீழே லைட் வேறு பளபளவென்று எரியும், யாருக்குத்தான் ஆசை வராது? அதோடு "சீலிங் போட்டா வெக்கையும் இறங்காது சார்" என்று ஒரு உபரித் தகவலும் கிடைத்தது.

அது பாதிதான் உண்மை. கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு மெதுவாகக் கீழே விடும், அதனால்தான் ராத்திரி ஒன்பது மணிக்கும் ஃபேன் அனல் காற்றை இறைக்கிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டால் நடுவில் ஒரு காற்று இடைவெளி வரும், ஏசி ஓடும் அறையில் குளிர வேண்டிய காற்றின் அளவும் கொஞ்சம் குறையும், அந்த வகையில் லாபம்தான். ஆனால் தளம் காய்வது காய்ந்துகொண்டேதான் இருக்கும். மாடியில் எங்காவது நீர் கசிந்தாலோ, பலகை ஊறிக் கறை தெரியும்வரை உங்களுக்குத் தகவலே வராது. டைல்ஸின் வெள்ளைப் பரப்போ வெயிலை மேலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது. தெலங்கானா அரசு 2023-இல் இப்படி வெயிலைத் திருப்பும் கூரைக்கென்றே, அதாவது கூல் ரூஃப்புக்கென்றே, ஒரு கொள்கை கொண்டுவந்தது சும்மா இல்லை. என் மாமனார் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மாப்ள, வர்றவன் அஞ்சு நிமிஷம் அண்ணாந்து பார்ப்பான், ராத்திரி படுக்கறது நீங்கதான."

பழைய முறையில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, மேலே தட்டோடு எனும் தட்டையான ஓடு பதிப்பதையும் விசாரித்தேன். வெப்பத்துக்கும் நல்லது, மழைநீர் வடிய வாட்டமும் அதிலேயே அமைந்துவிடும். ஆனால் எடை அதிகம், அதை இன்ஜினியரிடம் ரூஃப் போடும் முன்பே சொல்லியிருக்க வேண்டும், நாங்கள் சொல்லவில்லை. பக்குவமாகத் தட்டத் தெரிந்த ஆளும் எளிதில் கிடைப்பதில்லை.

நாங்கள் எடுத்த கூலிங் டைல்ஸுக்கும் குறை உண்டு: மத்தியானம் மாடிக்குப் போனால் கண் கூசும், வழவழப்பான ரகம் வாங்கினால் மழையில் வழுக்கிவிடும், இணைப்பில் பூசும் கலவையைச் சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் உள்ளே போய் டைல்ஸ் எழும்பிவிடும். சொரசொரப்பான ரகம்தான் வாங்க வேண்டும். அவ்வளவு பணம் இல்லையென்றால் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து வெள்ளையடித்துவிடுங்கள், சில ஆயிரத்தில் முடியும். மழையில் கரையும், தூசி படிந்தால் மங்கும், பங்குனி பிறந்ததும் வருஷாவருஷம் அடிக்க வேண்டும், வடகம் காயப்போட ஏறினால் காலெல்லாம் வெள்ளை. ஆனாலும் வெக்கையைக் குறைக்கத்தான் என்றால் 45,000 ரூபாய் சீலிங்கைவிட இதைத்தான் முதலில் செய்வேன்.

அடுத்தது சோலார் வாட்டர் ஹீட்டரா, கீசரா? இதில் கணக்குப் போட்டுப் பார்த்தால் குழப்பமே இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் போதும். நாலு பேர் குளித்தாலும் தினம் இரண்டு யூனிட் சொச்சம், அதுவும் திருச்சியில் மார்கழி, தை தவிர சுடுதண்ணீர் யார் கேட்கிறார்கள்? வருஷம் முழுக்கச் சுடுதண்ணீர் வேண்டிய ஓசூர் பக்கத்துக்காரர்களுக்குக் கணக்கு வேறு. எங்கள் போர் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளை பூக்கிறது, சோலார் குழாய்க்குள் உப்புப் படியாமல் இருக்குமா? போதாக்குறைக்கு மேல்நிலைத் தொட்டி ஹீட்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும், அதற்கு ஸ்டாண்டை உயர்த்துவது தனிச் செலவு. கீசரே போதும். சுடுதண்ணீர் லைனுக்கு மட்டும் சாதா பிவிசி போடவிடாதீர்கள், சூடு தாங்கும் சிபிவிசிதான்.

மின்சார சோலாரை இப்போதைக்கு விட்டோம். வீட்டு மாடி சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் 78,000 என்று மானியம் உண்டு. ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போக எங்களுக்கு வரும் பில் சின்னது, ஏசி கூடினால் பார்க்கலாம். அதற்காக மாடியிலிருந்து மீட்டர் பெட்டிவரை வெறும் பைப் ஒன்றைச் சுவருக்குள் போட்டு வைத்தோம், சில நூறு ரூபாய்தான். இன்வெர்ட்டருக்கு ஃபேன், லைட் லைனைத் தனியாகப் பிரித்ததும் அப்படியே. பிறகு செய்யலாம் என்றால் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவரைக் கொத்த வேண்டும்.

ஜன்னலுக்கு யுபிவிசி (கெட்டியான பிளாஸ்டிக்) ஸ்லைடிங்கா, மரமா? ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும், காற்று முக்கியமென்றால் மரக் கதவுதான். விலையும் கொசுவலையும் பார்த்து நாங்கள் மூன்று ட்ராக் ஸ்லைடிங் எடுத்தோம், ஹாலில் மட்டும் மரம்.

மாடுலர் கிச்சன்? கடப்பா கல் ஷெல்ஃப் அடித்து வைத்திருக்கிறோம், கதவு எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். லாஃப்ட் (பரண்) மட்டும் ஜன்னல், கதவுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், ஒரு பெட்ரூமில் விட்டுப்போய்விட்டது, பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

அதே அறையில் ஏசிக்குப் பாயின்ட் வைத்தேன், தனி ஒயர் இழுத்தேன், தண்ணீர் வெளியேறும் பைப்பைச் சுவருக்குள் விடச் சொல்ல மறந்தேன். ஏசி போட்டால் ஜன்னல் வழியாக ஒரு டியூப் தொங்கும், கீழே ஒரு பெயின்ட் வாளி. நடுராத்திரி அது நிரம்பிவிட்டதா என்று எழுந்து பார்ப்பது என் வேலை.