159 வெள்ளி ஏர் கூலரும் 3 ஆம்பியர் பியூஸும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எனக்கு ஒரு சின்ன ரிப்பேர் கடை. காற்றாடி, ரைஸ் குக்கர், பிளெண்டர், அயர்ன் பெட்டி என்று சுற்றுவட்டத் தோட்டங்களில் எது கெட்டாலும் மோட்டார் சைக்கிளின் முன்கூடையில் ஏறி என்னிடம் வந்துவிடும். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அதற்கு முன்னால் 10.10, பின்னால் 11.11, அதையும் விட்டால் 12.12 என்று இணையக் கடைகளில் தேதி வைத்து மலிவு விற்பனை. நவம்பர் கடைசியில் என் மேசையில் தேத்தண்ணி கிளாஸ் வைக்கக்கூட இடமில்லை. அத்தனையும் புதுச் சாமான். ஒன்றிரண்டில் மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை.

ஆனால் முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிற நானே, 11.11 அன்று நடுராத்திரி 12 மணிக்கு வவுச்சர் முடிந்துவிடுமோ என்று கைபேசியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வாங்கியது ஏர் கூலர். 499 வெள்ளியை (ரிங்கிட்) கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சிவப்பாக 159. பத்து லிட்டர் தண்ணீர்த் தொட்டி, உறையவைத்து உள்ளே போடுகிற ஐஸ் பெட்டி இரண்டு, ரிமோட். ஏர்கோன் மாதிரியே குளிரும், மின்சாரச் செலவு மட்டும் சொற்பம் என்று எழுதியிருந்தார்கள்.

வந்த அன்றே சோதித்துப் பார்த்தேன். கடையில் வெப்பமும் ஈரமும் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று உண்டு. படுக்கையறையில் 28 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு. ஐஸ் பெட்டியைப் போட்டு, கதவைச் சாத்தி, ஒரு மணி நேரம் ஓட்டினேன். 27 டிகிரி, ஈரப்பதம் 91. ஒரு டிகிரி குறைந்ததற்குச் சந்தோஷப்படுவதா, மெத்தை பிசுபிசுப்பதற்கு அழுவதா தெரியவில்லை. மறுநாள் காலையில், அந்த அறையில் மூடி சரியாகப் போடாமல் இருந்த டின்னில் தீபாவளி முறுக்கெல்லாம் நமத்துப் போயிருந்தது. "இதுக்கு ஜன்னலைத் திறந்துவச்சிருந்தா மழைக்காத்தாவது வந்திருக்கும்" என்றாள் மனைவி.

இதில் இயந்திரத்தின் மேல் தப்பில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும். கூலரின் வேலை அவ்வளவுதான். அதற்குக் காற்று வறண்டு கிடக்க வேண்டும். ராஜஸ்தான் பக்கம் 40 டிகிரி வெயிலில், காற்றில் ஈரமே இல்லாத நாளில், பத்து டிகிரிக்கு மேல் இறக்கிக் காட்டும். நம் பேராக்கில் 28 டிகிரி, 80 விழுக்காடு ஈரம் என்றால், எவ்வளவு உயர்ந்த கூலராக இருந்தாலும் தண்ணீரை ஆவியாக்கியே 25-க்குக் கீழே இறக்க முடியாது. ஐஸ் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். இரண்டு பெட்டியும் சேர்த்து ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ முழுக்க உருகி இழுக்கிற சூட்டை, ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஏறக்குறைய இரண்டே நிமிடத்தில் வெளியே தள்ளிவிடும். அந்த ஐஸை உறைய வைத்த பிரிட்ஜ் வேறு அடுக்களையில் சூட்டைக் கக்கிக்கொண்டிருந்தது.

சரி, இனி என் மேசைக்கு வந்தவை.

தோட்டத்து அக்கா ஒருவர் பிளெண்டர் கொண்டு வந்தார். தீபாவளிக்கு முந்தின வாரம் வாங்கியது, 39 வெள்ளி. வறுத்த உளுந்தை அரைத்திருக்கிறார், மூன்றாவது தடவையில் 'கர்ர்ர்' என்று சத்தம், அப்புறம் கருகல் வாடை.

"மூவாயிரம் வாட்டு தம்பி, பெட்டியிலயே போட்டிருக்கு."

பிளக்கைத் திறந்து பியூஸைக் காட்டினேன். 3 ஆம்பியர். 240 வோல்ட்டை மூன்றால் பெருக்கினால் 720. மூவாயிரம் வாட் உண்மையாக ஓடினால் 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்த பியூஸ் கொஞ்ச நேரத்திலேயே போயிருக்கும். பியூஸ் முழுசாக இருக்கிறது, மோட்டார் வெந்துவிட்டது. உள்ளே கம்பிச் சுருள் செம்பு நிறத்தில் பளபளத்தது. பிளேடால் சுரண்டினேன், வெள்ளையாக அலுமினியம். ஜாடியைச் சுழற்றுகிற பல்சக்கரம் ரப்பரும் இல்லை, இரும்பும் இல்லை, மெல்லிய பிளாஸ்டிக். பல்லெல்லாம் மழுங்கி மெழுகு மாதிரி வழிந்திருந்தது. தக்காளிச் சட்னிக்கு அது போதும். உளுந்துக்கு ஆகாது.

"கேஸ் போடலாம்லா அக்கா" என்றேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டினால் போதும், 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம். விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதில் அடித்திருந்தாலும், பழுதான சாமானுக்கு அந்தப் பேச்சு செல்லாது, 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அக்கா கைபேசியை நீட்டினார். விற்றவன் விலாசம் சீனாவில். யார் மேல் கேஸ் போடுவது? திருப்பி அனுப்பலாம் என்றால் கெடு ஏழு நாள். பார்சல்காரன் தோட்டத்து ஜாகா (காவலாளி) கொட்டகையில் போட்டுவிட்டுப் போனதே இவருக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

எக்ஸ்டென்ஷன் வயரைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். 9 வெள்ளிக்கு ஐந்து ஓட்டை, யூஎஸ்பி வேறு, பாதுகாப்புச் சோதனைக்கான சிரிம் ஒட்டு கிடையாது. தண்ணீர் கெட்டிலையும் ரைஸ் குக்கரையும் ஒன்றாக மாட்டிய வீட்டிலிருந்து உருகிப்போய் வந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே பூ கட்டுகிற நூல் கனத்துக்குத்தான் கம்பி. 13 ஆம்பியர் தாங்க 1.25 சதுர மில்லிமீட்டராவது வேண்டும். விலை ஒரு வெள்ளியானாலும் இதை வாங்காதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

துணி, பாய், எவர்சில்வர் அண்டா இதையெல்லாம் மலிவு விற்பனையில் தாராளமாக வாங்குங்கள், எனக்குப் பேச்சில்லை. மோட்டார், சூடாகும் கம்பி, பாட்டரி, இந்த மூன்றில் ஒன்று உள்ளே இருந்தால் மட்டும் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

கூலரில் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் காற்றாடியாக ஓட்டிப் பார்த்தேன். பத்துக்கு மூன்று கொடுப்பேன், அதுவும் ரிமோட்டுக்காக. போன வாரம் கடைத்தெருவில் தவுக்கேயிடம் (கடை முதலாளி) 129 வெள்ளிக்கு ஸ்டேண்டு காற்றாடி வாங்கினேன். இணையத்தில் அதே காற்றாடி 20 வெள்ளி குறைவு. ஆனால் தவுக்கே பெட்டியைப் பிரித்து, மாட்டி, மூன்று வேகத்திலும் ஓடவிட்டு, தலை திரும்புகிறதா என்று நின்று பார்த்த பிறகுதான் காசு வாங்கினார்.

ஐஸ் பெட்டி இரண்டும் வீணாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பசாருக்கு மீன் வாங்கப் போகும்போது என் மனைவி கூடையில் போட்டுக்கொண்டு போகிறாள்.