கோல குபு பாருவா, கோப்பெங்கா: சனிக்கிழமைக் கயாக் பயணத்துக்கு எந்த ஆறு?

கோலாலம்பூரில் இருந்துகொண்டு நுரைநீரில், அதாவது பாறைகளில் மோதி நுரைத்தோடும் ஆற்றுநீரில், கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்டக் கற்க விரும்புகிறவர்கள், ஒரே நாளில் போய்த் திரும்பத்தக்க ஆறு எது என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று, உலு சிலாங்கூரில் கோல குபு பாருவை ஒட்டி ஓடும் சிலாங்கூர் ஆறு; மற்றொன்று, பேராக்கில் கோப்பெங்குக்கு மேலே மலைக்காட்டிலிருந்து இறங்கிவரும் கம்பார் ஆறு. கோலாலம்பூரின் செந்தூலில் வசிக்கும் நானும் என் அக்காள் மகனும் இரண்டு ஆண்டுகள் இந்த இரண்டுக்கும் சென்று வந்தபின், கோல குபு பாருவையே எங்கள் வழக்கமான ஆறாக வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அந்த முடிவுக்கான காரணங்களைத்தான் இங்கே எழுதுகிறேன் என்பதால், தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். சிலாங்கூர் ஆற்றில் முப்பது முறைக்கு மேல் இறங்கியிருக்கிறேன். கம்பார் ஆற்றில் ஐந்தே முறைதான். கோப்பெங்கைப் பற்றிய என் சொற்களை அந்த அளவுக்கே எடைபோட வேண்டும்.

தொலைவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கோல குபு பாரு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ரவாங்கில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி செரண்டா, பத்தாங்காலி, ராசா வழியாகப் போனால் காலை ரொட்டி சானாயை அங்கேயே சாப்பிடலாம். கோப்பெங் ஏறத்தாழ 180 கிலோமீட்டர். தாப்பாவையும் தாண்டி இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டம். கடுமையிலும் பெரிய வேறுபாடு இல்லை. சாதாரண நீர்மட்டத்தில் இரண்டு ஆறுகளின் ஜெராம்களும், அதாவது நீர் பாறைகளுக்கிடையே விரைந்து பாயும் இடங்களும், ஆறு படிகள் கொண்ட அனைத்துலக அளவுகோலில் முதல் மூன்று படிகளுக்குள் அடங்கிவிடும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது நீர்தான். அதிலும் நீரின் அளவைவிட, அது மாறாமல் இருப்பது. கயாக் கற்பவனுக்கு முதல் தேவை, நேற்று இருந்த நீர் இன்றும் இருப்பதுதான். விரைந்தோடும் ஆற்றில் ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்திசையில் திரும்பி அமைதியாகும் ஓர் ஒதுக்கிடம் உண்டு. படகோட்டிகள் அதை 'எடி' என்பார்கள். அந்த ஒதுக்கிடத்திலிருந்து ஓட்டத்துக்குள் நுழையும்போது படகின் முனையைச் சாய்கோணத்தில் மேல்நோக்கி வைத்து, ஓட்டம் முனையைப் பிடித்துத் திருப்பும் அதே நொடியில் உடலையும் படகையும் ஆற்றின் கீழ்ப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். பயத்தில் மேல்பக்கம் சாய்ந்தால், வந்து மோதும் நீர் படகின் விளிம்பை அமுக்கிக் கவிழ்த்துவிடும். சொல்வதற்கு இரண்டு வாக்கியங்களில் முடிந்துவிடும் இதை உடல் தானாகச் செய்வதற்கு, ஒரே பாறையில், ஒரே நீர்மட்டத்தில், இருபது முறை, முப்பது முறை நுழைந்து வெளியேற வேண்டியிருக்கிறது. நீர் ஒரு சாண் ஏறினால் பாறை மூழ்கி, அதன் பின்னால் அமைதியான ஒதுக்கிடம் இருந்த இடத்தில் படகை இழுத்துப் பிடிக்கும் சுழல்குழி தோன்றிவிடும். ஒரு சாண் இறங்கினால் படகின் அடி கல்லில் உரசி நின்றுவிடும்.

வெளிநாடுகளில் நுரைநீர்ப் பூங்கா என்று கட்டி வைத்திருப்பதன் நோக்கமும் இதுவே. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் போட்டிக்காகப் பென்ரித்தில் அமைக்கப்பட்ட பூங்காவில், இறைப்பொறிகள் நீரை மேலே ஏற்றிக் கால்வாயில் விடுகின்றன. பொறி ஓடும் வரை ஒவ்வோர் அலையும் அதனதன் இடத்திலேயே நிற்கும். கோல குபு பாருவில் அப்படி யாரும் பூங்கா கட்டவில்லை. ஆனால் ஊருக்கு மேலே இருக்கும் சிலாங்கூர் ஆற்று அணை, தான் அறியாமலே அந்த வேலையை நமக்குச் செய்து கொடுக்கிறது.

இதற்குக் காரணம் அந்த அணையின் தன்மை. நீரைக் குழாயில் நேராகச் சுத்திகரிப்பு ஆலைக்கு அனுப்பும் அணை அன்று அது. வேண்டிய அளவு நீரை ஆற்றிலேயே இறக்கிவிட்டு, வெகுதூரம் கீழே ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்க வழிசெய்யும் ஒழுங்குபடுத்தும் அணை. கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பாதிக்கும் மேல் இந்த ஆற்றுப் படுகையிலிருந்துதான் வருகிறது. ஆகவே மழை ஓய்ந்து மற்ற ஆறுகள் வற்றும் நாட்களில்தான், கீழே உள்ள ஆலைகளுக்கு நீர் குறையாதிருக்க அணை திறந்துவிடப்படுகிறது. கீழ்ப்பகுதியில் நன்றாக மழை பெய்து ஆறு தானாகவே நிறைந்திருந்தால் அணையில் நீர் சேமிக்கப்படுகிறது. வறண்ட பிப்ரவரியிலும் ஜூலையிலும் எங்களுக்குக் கிடைத்த சீரான நீர் நவம்பர் மழையில் கிடைக்கவில்லை என்பது முதல் ஆண்டில் எனக்குப் புதிராக இருந்தது. அணையின் வேலையைப் புரிந்துகொண்டபின், எந்த வாரம் படகை வண்டியில் கட்டுவது என்ற கேள்விக்குப் பாதி விடை வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது.

மீதிப் பாதிக்கு வெள்ளிக்கிழமை மாலையில் அங்குள்ள படகு வழிகாட்டி ஒருவரை அழைத்துக் கேட்கிறோம்; நீர்ப்பாசன வடிகால் துறையின் வெள்ளத் தகவல் இணையத்தளத்தில் ஆற்று மட்டங்களையும் பார்த்துக்கொள்கிறோம். இறங்கும் இடத்தில் நாங்களாக அடையாளம் வைத்திருக்கும் ஒரு கல்லின் தோள் தெரிந்தால் பயிற்சிக்கு ஏற்ற நீர். தலை மட்டும் தெரிந்தால் அக்காள் மகனை இறக்குவதில்லை. அணை நமக்காகத் திறக்கப்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திறப்பின் அளவு எந்த நேரமும் மாறலாம் என்பதால் கரையில் படகைக் கட்டாமல் விட்டுச் சாப்பிடப் போவது கூடாது. நீர் விடப்படாத சனிக்கிழமைகளில் படகைக் கூரையிலிருந்து இறக்காமலே திரும்பியதும் உண்டு. ஆனால் அவை 70 கிலோமீட்டரில் முடிந்துபோன ஏமாற்றங்கள்.

இந்த ஊர் அணை என்ற சொல்லை அச்சத்தோடு கற்ற ஊர் என்பதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1883இல் பழைய கோல குபுவுக்கு மேலே இருந்த அணை உடைந்து ஊரையே அடித்துச் சென்றது. அந்த இடத்துக்கு இன்றும் அம்பாங் பெச்சா, அதாவது 'உடைந்த அணை' என்றே பெயர். அதன்பின் ஈயச் சுரங்க மண் ஆற்றில் படிந்து வெள்ளம் ஓயாததால் ஊரை மேட்டுக்கு மாற்றிக் கட்டினார்கள். அந்தப் புது ஊர்தான் 'பாரு'. இன்றைய அணையின் கீழே மிதக்கும்போது இந்த நினைவு எனக்கு ஒரு கட்டுப்பாடாகவே உதவுகிறது.

கோல குபு பாருவின் பக்கம் இன்னொரு நன்மையும் உண்டு. பிரேசர் மலைக்கு ஏறும் சாலை ஆற்றை ஒட்டியே போவதால், ஓர் ஜெராமை முடித்துவிட்டுப் படகைத் தோளில் சுமந்து மேலே நடந்து மறுபடியும் இறங்கலாம். ஒரே வண்டி போதும். கோப்பெங்கில் இறங்கும் இடம் தோட்டங்களுக்கும் கிராமங்களுக்கும் அப்பால் இருப்பதால், உள்ளூர்க்காரர்களின் நான்கு சக்கர இயக்க வண்டியை அமர்த்த வேண்டியிருக்கிறது. ஒரு முறை இறங்கினால் அன்றைய பயணம் அவ்வளவுதான். தேர்ந்தவர்களுக்கு அது குறையே இல்லை. கற்பவனுக்கு ஒவ்வொரு பாறையிலும் ஒரே ஒரு வாய்ப்புத்தான்.

அழகில் கம்பார் ஆறே மேல் என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். காடு கரை வரை இறங்கி நிற்கும். மழை பெய்யாத வாரத்தில் நீர் தெளிந்து கூழாங்கல் தெரியும். ஆனால் இது முழுவதும் வானத்தை நம்பிய ஆறு. எங்கள் மூன்றாவது பயணத்தில், வறட்சி நீண்டிருந்ததால், பாதி வழியைப் படகை இழுத்துக்கொண்டே நடந்து கடந்தோம். நான்காவது பயணத்தில் நாங்கள் நின்ற இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்க, பிற்பகல் இரண்டு மணிக்கு நீரின் நிறம் தேநீர் போல மங்கி, இலைகளும் சிறு சுள்ளிகளும் மிதந்துவரத் தொடங்கின. வழிகாட்டி ஒரு சொல்தான் சொன்னார்: "நாயேக்!" மேலே ஏறுங்கள் என்று பொருள். ஏறிக் கால்மணி நேரத்தில் நாங்கள் உட்கார்ந்திருந்த மணல்திட்டு மறைந்துவிட்டது. மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்று சொல்லும் திடீர்ப் பெருக்கை அன்றுதான் கண்ணால் கண்டேன். மேலே மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. அணைக்குக் கீழே சிலாங்கூர் ஆற்றிலும் சேரும் ஓடைகள் உண்டு என்பதால் அந்த ஆபத்து அங்கே அறவே இல்லை என்று சொல்லமாட்டேன். குறைவு என்பதே என் அனுபவம். இரண்டு ஆறுகளிலும் பிற்பகல் ஒரு மணிக்குள் கரையேறிவிடுவது இப்போது எங்கள் வழக்கம்.

பினாங்கிலிருந்து புறப்படுகிறவர்களுக்குக் கணக்கு மாறும். புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் மைத்துனருக்குக் கோப்பெங்கைவிடக் கெடாவில் கூலிம் மாவட்டத்துச் செடிம் ஆறே அருகில். அவரோடு ஒரே ஒரு முறை ரப்பர்த் தோணியில்தான் போயிருக்கிறேன் என்பதால் அதைக் கயாக்கோடு சேர்த்து எடைபோடுவது முறையாகாது.

கவிழ்ந்த படகை இடுப்புச் சுழற்சியாலேயே நிமிர்த்தத் தெரிந்தவர்கள், நல்ல மழைக்கு மறுநாள் காலையில் தெளியும் கம்பார் ஆற்றைத் தேர்ந்தெடுத்தால் அதை நான் மறுக்கமாட்டேன். குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் கோப்பெங்தான் ஏற்றது: கயாக் ஓட்டாதவர்கள் குவா தெம்புருங் குகையைப் பார்க்கலாம், உலு கெரோவில் ராப்ளேசியா மலர்ந்திருந்தால் அதையும் காணலாம். அக்காள் குடும்பம் வரும்போது நாங்களும் அங்கேதான் ஒரு இரவு தங்குகிறோம். மற்றச் சனிக்கிழமைகளில் விடியற்காலை ஆறு மணிக்குப் படகுகளை வண்டியின் கூரையில் கட்டி, அந்தக் கல்லின் தோள் தெரிகிறதா என்று பார்க்கக் கோல குபு பாருவுக்குப் புறப்படுகிறோம்.