கல்லடி நாடகப் பட்டறை: பயிற்சி நன்று, பெயர்ப்பட்டியல் நன்றன்று

மட்டக்களப்பின் கல்லடியில் மூன்று நாள் நடந்த கூட்டு நாடகவாக்கப் பட்டறை ஒன்றில் 4000 ரூபா கட்டிக் கலந்துகொண்டேன். மதியச் சாப்பாடும் இரண்டு வேளைத் தேநீரும் அதற்குள் அடக்கம். மண்டபத்தின் மின்விசிறிகளில் ஒன்று கடைசிவரை சுற்றவில்லை என்பதைத் தவிர ஏற்பாட்டில் குறையில்லை. பயிற்சியும் கொடுத்த காசுக்கு மேலாகவே இருந்தது. என் மனக்குறை பயிற்சி முடிந்த பிறகு தொடங்குகிறது.

எழுத்துரு (நாடகப் பிரதி) எதுவும் இல்லாமல், வந்திருப்பவர்களின் நினைவு, உடல், குரல் ஆகியவற்றிலிருந்தே நாடகத்தைக் கட்டுவது இந்த முறை. பதினான்கு பேரும் முதல் நாள் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவர வேண்டியிருந்தது. நாவலடி அக்கா ஒருவர் கொண்டுவந்தது, 2004 டிசம்பர் 26 அன்று கடல் அள்ளிச் சென்ற வீட்டின் திறப்பு (சாவி). நெறியாளர் அவரிடம் கதை கேட்கவில்லை. "கதவைத் திறங்கக்கா" என்று மட்டும் சொன்னார். அக்கா வெறும் காற்றில் திறப்பை நுழைத்துத் திருப்பியபோது, ஓரத்தில் நின்ற மாணவன் ஒருவன் நாக்கைத் தட்டிப் பூட்டின் ஓசையை எழுப்பினான். அவர் திடுக்கிட்டு நின்ற அந்தக் கணத்தில், கூத்தில் பிற்பாட்டுப் பாடும் பெரியவர் ஒருவர், யாரும் ஏவாமலே, வீட்டுக்குள் இருந்து கேட்பவரைப் போல "ஆரது?" என்றார். இரண்டு நிமிடக் காட்சிதான். மூன்று நாளில் நாங்கள் செய்த வேறெதுவும் அதற்கு ஈடாகவில்லை.

கூடிச் செய்வது மட்டக்களப்பாருக்குப் புதிதன்று. ஆடுவோருக்குப் பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் சட்டங்கொடுப்புத் தொடக்கம் அரங்கேற்றம் வரை கூத்துக்கு ஊரே தோள் கொடுக்கிறது. ஆயினும் ஏடு, அதாவது கூத்தின் எழுத்துப் பிரதி, முன்பே இருக்கிறது. ஆட்டமும் தாளமும் கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரின் பொறுப்பு. அரங்கச் செயற்பாட்டாளர் சி. ஜெயசங்கர் முதலானோர் மட்டக்களப்பின் சீலாமுனையில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கத்தில், கூத்தர்களும் ஊராரும் பேசிப் பேசி ஏட்டையே மாற்றத் துணிந்ததால்தான், ஆக்கியோர் யார் என்ற கேள்வி நம் கூத்துக் களரிக்குள்ளும் வந்தது.

அந்தக் கேள்வியை நெறியாளர் அறியாதவர் அல்லர். பிரித்தானிய நாடக நெறியாளர் ஜோன் லிட்டில்வுட்டின் தியேட்டர் வேர்க்ஷாப் குழு 1963இல் லண்டனில் மேடையேற்றிய முதலாம் உலகப் போர் பற்றிய நாடகத்தை, அச்சுப் பிரதியில் குழுவும் முதல் நடிகர்களும் ஆசிரியர்களாக இடம்பெற்றதற்காகவே, இரண்டாம் நாள் எங்களுக்கு எடுத்துக்காட்டினார். அப்படிச் சொன்னவர், பட்டறையில் பிறந்த எங்கள் நாடகத்தின் ஆற்றுகைக்கு (மேடையேற்றத்துக்கு) வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில் "எழுத்துரு, நெறியாள்கை" என்பதன் கீழ் அவர் பெயர் மட்டுமே இருந்தது. நாங்கள் பதினான்கு பேரும் "நடிப்பு" என்ற தலைப்பின் கீழ், சிறிய எழுத்தில். எழுத்துரு என்று ஒரு தாளைக்கூட நாங்கள் கண்டதில்லை.

பட்டறை நடத்தியவர்களிடம் கேட்டபோது, "எல்லாரும் சேர்ந்து செய்ததுதானே, பேர் என்னத்துக்கு?" என்றார்கள். அப்படியானால் அந்த ஒரு பெயர் மட்டும் என்னத்துக்கு? இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம்கூடக் கூட்டுப் படைப்பை ஏற்கிறது. இணையாசிரியர்களில் கடைசியாக உயிரோடிருப்பவர் இறந்து 70 ஆண்டு வரை பாதுகாப்பும் தருகிறது. கல்முனையில் நடந்த இரண்டாவது ஆற்றுகை பற்றி அக்காவுக்கு அதற்கு முந்திய நாள் மாலையில்தான் சொன்னார்கள். அவரால் போக முடியவில்லை. அவர் காட்சியை வேறொரு திறப்புடன் வேறொருவர் ஆடினார். அக்காவிடம் அனுமதி கேட்கவில்லை.

அடுத்த பட்டறை அறிவிக்கப்பட்டிருக்கிறது. பயிற்சிக்காக நானும் திரும்பப் போவேன். ஒவ்வொரு மாலையும் பத்து நிமிடம் ஒதுக்கி, எந்தக் காட்சிக்கு யார் எதைக் கொண்டுவந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி எல்லாரும் கையொப்பமிட வேண்டும் என்று முதல் நாள் காலையிலேயே கேட்கப் போகிறேன். கொப்பியை நானே வாங்கிச் செல்கிறேன்.