லைக்கா எம்8-இல் அகச்சிவப்புப் படங்கள்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

2006-இல் லைக்கா எம்8 என்ற டிஜிட்டல் கேமரா வெளிவந்தபோது எழுந்த பெரிய புகார், கறுப்புத் துணி கறுப்பாக வரவில்லை என்பதுதான். கறுப்பு நைலான் பை, பாலியெஸ்டர் கோட்டு எல்லாம் கத்தரிப்பூ நிறத்தில் வந்தன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கச் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி வெறும் அரை மில்லிமீட்டர் தடிமன். எம் லென்ஸ்கள் சென்சாருக்கு மிக அருகில் உட்காருவதால் ஓரங்களுக்குப் போகும் ஒளி ரொம்பச் சாய்வாக விழும். அங்கே தடித்த கண்ணாடி இருந்தால் ஓரத்துக் கூர்மை கெட்டுவிடும். அதனால் மெல்லிசாக வைத்தார்கள், அந்த வழியாக அகச்சிவப்பு ஒளி தாராளமாக உள்ளே வந்துவிட்டது. கடைசியில், கேமரா வாங்கிய எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டு யூவி/ஐஆர் தடுப்பு ஃபில்டர்களை நிறுவனமே இலவசமாகக் கொடுத்தது.

அகச்சிவப்பு எடுக்கிறவனுக்கு அந்தக் குறைதான் வரம். சாதாரண டிஜிட்டல் கேமராவில், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை விடும் 720 நானோமீட்டர் ஃபில்டரை மாட்டினால், நல்ல வெயிலிலும் பல விநாடி எக்ஸ்போஷர் கேட்கும். எம்8-இல் உச்சிவெயிலில் ஐஎஸ்ஓ 320, எஃப்/5.6 வைத்தால் 1/60 அல்லது 1/30 விநாடி போதும். கையிலேயே பிடித்து எடுக்கலாம். நம்மூரில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள கோயில்களிலும் கோட்டைகளிலும் தனி அனுமதி இல்லாமல் டிரைபாட் வைக்க முடியாது. கங்கைகொண்ட சோழபுரத்தின் புல்வெளியில் நின்று கோயில் விமானத்தை அகச்சிவப்பில் எடுக்க வேண்டுமென்றால், கையில் பிடித்து எடுக்கக்கூடிய கேமராதான் வேண்டும்.

நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குப் பெரிய காரணம் ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது தனி ஜன்னல் வழியே பார்த்து, இரட்டையாகத் தெரியும் பிம்பத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் முறை. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்எல்ஆரில் இந்த ஃபில்டரை மாட்டியதும் வ்யூஃபைண்டர் இருட்டாகிவிடும். முதலில் ஃபிரேம் பார்த்து, ஃபோகஸ் செய்து, அப்புறம் ஃபில்டரை மாட்ட வேண்டும். அதற்குள் நடந்துபோனவர் போய்விடுவார். எம்8-இல் பார்க்கும் ஜன்னல் லென்ஸுக்குச் சம்பந்தமில்லாமல் தனியாக இருக்கிறது. லென்ஸின் முகத்தில் கறுப்புக் கண்ணாடி இருந்தாலும் என் கண்ணுக்கு உலகம் பளிச்சென்று தெரியும். உள்ளிருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டரை நீக்கி மாற்றிய மிரர்லெஸ் கேமராவில் திரையிலேயே அகச்சிவப்புப் படத்தைப் பார்க்கலாம், உண்மைதான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுதான் சுலபமான வழி என்றும் சொல்வேன். ஆனாலும் தெருவில் ஆட்கள் நடமாடும் இடத்தில் கண்ணாடி ஜன்னல் வழியே நேரே பார்த்து எடுக்கும் வேகம் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

கண் பார்ப்பது ஒன்று, சென்சார் வாங்குவது வேறொன்று என்பதால், எது வெளுக்கும், எது கறுக்கும் என்று மனதில் பதிய வேண்டும். பனைமரத்தில் இது நன்றாகத் தெரியும். பச்சை ஓலை விசிறிகள் உறைபனி பிடித்த மாதிரி வெளுத்து நிற்கும். காய்ந்து கீழே தொங்கும் மட்டைகள் சாம்பல் நிறம். பின்னால் வானம் கறுக்க, ஒவ்வொரு ஓலையின் நுனியும் தனித்தனியாக எண்ணலாம் போலிருக்கும். தாமரைக் குளத்தில் தண்ணீர் கறுத்துப்போய், இலைகள் மட்டும் வெள்ளைத் தட்டுகளாக மிதக்கும். இலை வெளுப்பதற்குக் காரணம், பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சாமல் விட்டுவிட, இலைக்குள்ளிருக்கும் செல்களும் காற்று இடைவெளிகளும் அதைச் சிதறடித்து வெளியே அனுப்புவதுதான். 1910-இல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் பெயரால் இதை வுட் விளைவு என்கிறார்கள்.

வானம் மட்டும் நம் கையில் இல்லை. கடலோர ஈரக்காற்றில் சாம்பலாகத்தான் வரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மழை கழுவிவிட்ட நீல வானத்தில் துண்டு மேகங்கள் மிதக்கும் நாட்கள்தான் உச்சம். மற்ற படக்காரர்கள் கேமராவை மூடிவைக்கும் பதினோரு மணி முதல் மூன்று மணி வரை எனக்கு வேலை நேரம். உட்புறத்தில் எல்இடி விளக்கை நம்பாதீர்கள், அதில் அகச்சிவப்பு அநேகமாக இல்லை. எண்ணெய் விளக்கும் பழைய குண்டு பல்பும் நிறையத் தரும்.

இனி ஃபோகஸ். அகச்சிவப்பு ஒளி சாதாரண ஒளியைவிடச் சற்றுப் பின்னால் குவியும். ரேஞ்ச்ஃபைண்டரில் இரட்டை பிம்பத்தைச் சேர்த்துவிட்டு அப்படியே அழுத்தினால், லென்ஸின் துளையை அகலத் திறந்துவைத்து எடுக்கும்போது படம் மழுங்கிவிடும். பழைய லென்ஸ்கள் பலவற்றில் ஃபோகஸ் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறியோ ஆர் என்ற எழுத்தோ இருக்கும். பிம்பம் சேர்ந்தபோது 5 மீட்டர் காட்டினால், அந்த 5-ஐ சிவப்புக் குறிக்கு நேராகத் திருப்ப வேண்டும். குறி இல்லாத லென்ஸில் கொஞ்சம் கிட்டத்துப் பக்கம் நகர்த்தி, எஃப்/8 வைத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. லென்ஸ்தான் எனக்குச் சௌகரியம். எம்8-இன் சென்சார் 35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தைவிட 1.33 மடங்கு சிறியது என்பதால் அது ஏறக்குறைய 47 மி.மீ. பார்வையைத் தருகிறது.

ஃபில்டர்களில் 720 நானோமீட்டர் வகையான ஹோயா ஆர்72-ஐயே அதிகம் பயன்படுத்துகிறேன். பி+டபிள்யூ 092 இன்னும் கொஞ்சம் சிவப்பு ஒளியை விடும். ஷட்டர் வேகம் கூடும், வெளுப்பு சற்றுக் குறையும். 093 அநேகமாக முழுக் கறுப்பு. சுத்தமான கறுப்பு-வெள்ளை தரும், ஆனால் கையில் பிடித்து எடுப்பது சிரமம். 39 மி.மீ. ஃபில்டர் அளவுள்ள லென்ஸுக்கு ஸ்டெப்-அப் ரிங் போட்டு 46 மி.மீ. ஃபில்டர் மாட்டலாம், வ்யூஃபைண்டரின் கீழ் மூலையில் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். பெயர் தெரியாத மலிவு ஃபில்டர்களில் சில, 720 என்று எழுதியிருந்தும் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தாராளமாக விடுகின்றன. காசு மிச்சமாகாது.

கேமரா திரையில் எல்லாம் சிவப்பாகத் தெரியும் என்பதால், டிஎன்ஜி என்ற மூலக் கோப்போடு ஜேபெக்கும் பதியவைத்து, ஜேபெக்கைக் கறுப்பு-வெள்ளையில் வைத்திருக்கிறேன். வண்ணம் வேண்டுமென்றால் புல்லைப் பார்த்து ஒயிட் பேலன்ஸ் எடுத்து, அப்புறம் கணினியில் சிவப்பு, நீலச் சேனல்களை இடம் மாற்றலாம். எனக்கு அந்த நீல வானமும் வெளிர் மரமும் சீக்கிரமே சலித்துவிட்டன. கறுப்பு-வெள்ளையில்தான் இந்த ஒளியின் கம்பீரம் நிற்கிறது. எக்ஸ்போஷருக்கு மீட்டரை முழுசாக நம்பாமல், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்; வெளுத்த இலையின் விவரம் போய்விட்டால் திரும்பாது. ஐஎஸ்ஓ 640-க்கு மேல் நான் போவதில்லை.

மனிதர்களை எடுக்கும்போது தோல் மெழுகுபோல வழவழப்பாகிவிடும். அடர் நிறச் சேலை சாயத்தைப் பொறுத்து வெளிர் சாம்பலாகிவிடலாம். கிட்டத்தில் எடுத்த முகங்களை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. தூரத்தில், மரத்தடியில் சிறியதாக நிற்கும் உருவங்கள் மிக அழகாக வரும்.

லென்ஸ் வாங்குமுன் ஒரு சோதனை அவசியம். சில லென்ஸ்கள் சாதாரணப் படத்தில் அருமையாக இருந்தாலும், அகச்சிவப்பில் நடுவில் ஒரு வெள்ளை வட்டத்தைப் போட்டுவிடும். துளையைச் சுருக்கச் சுருக்க அது தெளிவாகத் தெரியும். ஃபில்டரைக் கையோடு கொண்டுபோய், மேகமில்லாத வானத்தை எஃப்/11-இல் ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.