ரசீதில் பாதியாய்ப் போன அரிசி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மளிகைக் கடையில் சில வருடங்களாக ஒரு திறமூல பில்லிங் மென்பொருள்தான் ஓடுகிறது, அதன் நிரலை யாரும் திறந்து திருத்தலாம். பழைய லேப்டாப், லினக்ஸ், 58 மில்லிமீட்டர் தாள் போடும் சின்ன பிரிண்டர். இணையம் போனாலும் வேலை நிற்காது. மொத்தத்தை 5 காசுக்குச் சரிக்கட்டும் 2008ஆம் ஆண்டு நடைமுறையும் அதிலேயே இருக்கிறது. சாதாரணக் கடைக்கு இது தாராளம்.

ரசீது மட்டும் ரொம்ப நாள் தொல்லை கொடுத்தது. ‘பொன்னி புழுங்கல் அரிசி 5 கிலோ’ என்று பதிந்தால் ‘பொன்னி புழுங்கல் அரி’ என்றுதான் அச்சாகும். 10 கிலோ மூட்டைக்கும் அதே பெயர்தான். எங்கள் வாடிக்கையாளர் பாதிப் பேர் தோட்டத்து ஆட்கள். சம்பளம் வந்ததும் கடன் கணக்கு எழுதும் 555 நோட்டையும் ரசீதையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்ப்பார்கள். “தம்பி, இதுல எது பெரிய மூட்டை?” என்று கேட்டால் விலையைக் காட்டித்தான் விளக்க வேண்டும்.

நிரலைத் திறந்து பார்த்தேன். பொருளின் பெயரை 20 குறிகளோடு வெட்டச் சொல்லி ஒரே ஒரு வரி. அந்த அரைகுறைப் பெயர் நம் கண்ணுக்கு 10 எழுத்து, நடுவே 2 இடைவெளி. கணினியோ புள்ளி, கொக்கி, கொம்பு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி 20 என்கிறது. மலாய்ப் பெயர்களில் ஓர் எழுத்துக்கு ஒரு குறிதான். அதனால் இது யார் கண்ணிலும் படவில்லை போலும்.

20ஐ 40 ஆக்கினால் போதாதா என்றான் தம்பி. போதாது, ‘ண’வும் ‘ர’வும் ஒரே அகலமா என்ன? நீளமான பெயர் விலையின் மேல் ஏறிவிடும். இந்தப் பிரிண்டரில் தமிழ் எழுத்துரு கிடையாது, ரசீது படமாகத்தான் போகிறது. ஒரு வரிக்கு 384 அச்சுப் புள்ளி அகலம். ஆகவே எண்ணுவதை விட்டுவிட்டு, வரையப்பட்ட அகலத்தை அளந்து, மிஞ்சிய சொல்லை அடுத்த வரிக்கு இறக்கும்படி மாற்றினேன். ஒற்றைச் சொல்லே இடம் கொள்ளாமல் போனால் முழு எழுத்தாக மட்டும் பிரிக்கும். ‘கி’ உடைந்து ‘க’ ஆகாது.

மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்குத் திருத்தத்தை அனுப்பியதும், தமிழ்ப் பெயர்களை வைத்து ஒரு சோதனையும் எழுதித் தரச் சொன்னார்கள். நியாயமான கேள்வி. எழுதிக் கொடுத்தேன், அடுத்த பதிப்பில் சேர்ந்துவிட்டது. இப்போது ரசீது கொஞ்சம் நீளம், தாள் கூடுதலாகச் செலவாகிறது. அப்பாவுக்கு அதில் வருத்தம்தான், எனக்கு இல்லை.

குறை இல்லாமல் இல்லை. கடன் பட்டியலை அகர வரிசையில் கேட்டால் கனகாவை முதலில் போட்டுவிட்டுக் கவிதாவைப் பின்னால் தள்ளுகிறது. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு அட்டவணையில் ‘வ’வுக்கு ‘ன’ முந்தி இருப்பதால் வரும் வினை. அதில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை.